கனடா ட்ரையரின் நாலாவது கால்

1

பெட்டி வந்திறங்கிய வெள்ளிக்கிழமை லண்டனில் எங்கள் நோர்பரி வீட்டில் இருந்தவர்கள்: அம்மா, அன்ரன் அண்ணை, அவரைக் கைப்பிடித்து ஏழு மாதமான ஜெனி அண்ணி, நான். இல்லாதவர்கள் இருவர். ஒருவர், அந்தப் பெட்டியை ரொறன்ரோவிலிருந்து கப்பலில் அனுப்பிய பிலிப் மாமா, அதாவது அண்ணியின் அப்பா. மற்றவர், மின்சாரம் தெரிந்த ஒரு மனிதர். இரண்டாமவர் இல்லாததை அன்று யாரும் கவனிக்கவில்லை. படித்தவன் நான் இருந்தேன் அல்லவா.

லொறிக்காரர் பெட்டியைக் கேற்றடியில் வைத்துவிட்டுக் கையெழுத்துக் கேட்டார். உள்ளே கொண்டுவந்து தரமாட்டீர்களா என்று கேட்டேன். கடதாசியில் "முகவரி வரை" என்றுதான் இருக்கிறது, "முகவரிக்குள்" என்று இல்லையே என்றார். இந்த நாட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு கடதாசி இருக்கிறது. அதற்குள் நிற்கும்வரை யாரும் யாருக்கும் உதவத் தேவையில்லை.

பெட்டி கதவுக்குள் நுழையவில்லை. அண்ணை கதவைக் கழற்றினார். கழற்றும்போது கீழ்ப்பிணைச்சல் உடைந்தது. ஒருவழியாகக் குசினிக்குள் கொண்டுபோய் அட்டையை உரித்தோம். ஒரு உடுப்புக் காய வைக்கும் மெசின். ட்ரையர். கனடாக்காரர்கள் வீட்டில் ஆளுக்கொரு யானை வளர்ப்பார்கள் போலும், அவற்றின் உடுப்பைக் காயவைக்கச் செய்த அளவு. அது நின்ற பிறகு குளிர்ப்பெட்டிக் கதவு பாதிதான் திறந்தது. அம்மா அதற்கு முன்னால் நின்று சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

பின்பக்கத்திலிருந்து என் பெருவிரலைவிடத் தடித்த ஒரு வயர் தொங்கியது. அதன் முனையில் கைமுட்டி அளவில் ஒரு பிளக்கு. பிளக்கில் நாலு கால். அண்ணை சுவரைப் பார்த்தார், மூன்று ஓட்டை. பிளக்கைப் பார்த்தார், நாலு கால். பிறகு என்னைப் பார்த்தார்.

"யூட், உது என்ன கோதாரி?"

"பாப்பம் அண்ணை," என்றேன். எனக்குத் தெரியாது என்பதை எங்கள் வீட்டில் நான் அப்படித்தான் சொல்வது வழக்கம்.

2

ஊரில் இருந்து வாசிப்பவர்கள் கேட்கலாம்: லண்டனில் இந்த மெசின் விற்பதில்லையா? தாராளமாக விற்கிறார்கள். ஆனால் இது கடைச்சாமான் இல்லை, மான விஷயம்.

அண்ணை கலியாணத்துக்கு முன்னரே சீதனம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். முகநூலிலும் போட்டார். நூற்றிச் சொச்சம் பேர் இதயம் போட்டார்கள். பிலிப் மாமாவிடம் ஒருவரும் கேட்கவில்லை. ரொறன்ரோவில் ஹோட்டல்களின் படுக்கை விரிப்புக் கழுவும் ஒரு லோண்டரியில் இருபத்திரண்டு வருஷம் நின்று ஒரே மகளை வளர்த்த மனிதர் அவர். கலியாண வீட்டில் எங்கள் பக்கத்துப் பெண்கள் இரண்டு பேர், "பிலிப்பர் கையை வீசிக்கொண்டு வந்து பிள்ளையைத் தந்திட்டுப் போறார், குடுத்து வச்ச மனிசன்," என்று அவர் காதுபடச் சொன்னார்கள். வேண்டாம் என்று சொன்ன அண்ணைக்குப் பாராட்டு, கொடுக்காத மாமாவுக்குக் குத்தல். புரட்சியின் செலவை எப்போதும் மற்றப் பக்கம்தான் கட்டுகிறது.

பிறகு ஒரு நாள் வீடியோவில் கதைக்கும்போது மாமா எங்கள் வீட்டு ரேடியேற்றர்களைக் கண்டுவிட்டார். லண்டன்வாசிகள் சுவர்க்கணப்பைக் கண்டுபிடித்தது அறையைச் சூடாக்க அல்ல, உள்ளுடுப்புக் காயவைக்க. எங்கள் வீட்டிலும் மழைக்காலம் முழுக்க, அதாவது செப்டம்பர் தொடங்கி ஜூன் வரை, ஒவ்வொரு அறையிலும் ஈரச் சட்டை தொங்கும். சுவரில் கறுப்பாகப் பூஞ்சணம் பிடிக்கும்.

"பிள்ளை, உது என்ன, உடுப்புக்குப் பக்கத்திலையோ படுக்கிறாய்?" என்று கேட்டார் மாமா.

அண்ணி சிரித்துச் சமாளித்தார். மாமா சிரிக்கவில்லை. தனக்குத் தெரிந்த ஒரே உலகத்துச் சாமானை வாங்கி அடுத்த கப்பலில் ஏற்றிவிட்டார்.

3

நான் ஏன் படித்தவன் என்பதையும் சொல்லவேண்டும். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னர் யாரும் பள்ளிக்கூடத்தை முடித்ததில்லை. அப்பா மன்னாரில் கடலுக்குப் போனவர், கைநாட்டு. அண்ணை எட்டாம் வகுப்போடு வள்ளத்தில் ஏறியவர், இப்போது வான் ஓட்டிப் பார்சல் போடுகிறார். அவர்கள் இருவரின் உழைப்பில் நான் பட்டம் எடுத்தேன், அதுவும் லண்டனில், வணிக முகாமைத்துவத்தில். அன்றிலிருந்து வீட்டில் எந்தக் கடிதம், எந்த மருந்துப் போத்தல் வந்தாலும், எந்தக் கொதிகலன் பழுதானாலும் என்னிடம்தான் வரும். "அவன் படிச்சவன், அவனிட்டைக் குடு." பல்கலைக்கழகத்தில் எனக்கு எதைச் சொல்லித் தந்தார்கள், எதைச் சொல்லித் தரவில்லை என்று இவர்கள் விசாரித்ததே இல்லை.

இப்போது வாடகை வீடுகள் வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தில் எனக்கு வேலை. கூரை ஒழுகுகிறது, கதவு பூட்டவில்லை என்று வரும் முறைப்பாடுகளுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதுவேன். ஒரு நாளைக்கு முப்பது தடவை ஆங்கிலத்தில் வருந்துகிறேன். அம்மாவுக்கு முன்னால் ஒரே ஒரு தடவை தமிழில் "தெரியாது" என்று சொல்ல வாய் வராது.

ஆகவே படித்தவன் செய்வதைச் செய்தேன், வாசித்தேன். மெசினின் முதுகில் ஒரு ஸ்ரிக்கர். 120/240 வோல்ற் என்று இருந்தது. இங்கே சுவரில் வருவது 230. பத்து வோல்ற் வித்தியாசம் ஒரு வித்தியாசமா? அந்த 120 ஏன் அங்கே நிற்கிறது என்று யோசித்தேன். வேறு நாட்டுக்காரருக்காக இருக்கும் என்று எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டேன். 24 அம்பியர் என்றும் போட்டிருந்தது. எங்கள் பிளக்குகள் 13 அம்பியருக்கு மேல் தாங்காது. வோல்ற் பொருந்திய சந்தோஷத்தில் அதை நான் பெரிதுபடுத்தவில்லை.

"வோல்ற் சரி. பிளக்கை மட்டும் மாத்தினால் காணும்," என்று தீர்ப்புச் சொன்னேன்.

அண்ணைக்குப் பிளக்குக்கூடத் தேவைப்படவில்லை. "வெட்டிப்போட்டுக் கம்பியை உள்ளுக்கு விட்டு நெருப்புக்குச்சியாலை இறுக்குவம். அப்பா அப்பிடித்தானே ரேடியோ கேட்டவர்," என்றார்.

உண்மைதான். எங்கள் வீட்டுக்குக் கரண்ட் வந்த வருஷம் அப்பா செய்த முதல் வேலை, ரேடியோவின் பிளக்கை வெட்டி எறிந்தது. இரண்டு கம்பியையும் உரித்துச் சுவர் ஓட்டைக்குள் விட்டு, ஆளுக்கொரு நெருப்புக்குச்சி செருகிவிடுவார். ஊரில் பாதி வீடு அப்படித்தான் ஓடியது. காற்றடித்தால் செய்தி நிற்கும், அம்மா குச்சியை அமத்தினால் செய்தி தொடரும்.

"அண்ணை, இது லண்டன்," என்றேன். நாகரிகமான மனிதனாகக் கடைக்குப் போய் முத்திரை குத்திய பிளக்கு ஒன்றும் புது வயரும் வாங்கி வந்தேன்.

4

ஞாயிறு பூசை முடிந்து வந்து மெசினின் முதுகைத் திறந்தேன். கறுப்பு, சிவப்பு, வெள்ளை, பச்சை என்று நாலு கம்பிக்கு இடம். என் கையில் இருந்த வயரில் மூன்றுதான். அண்ணி அந்தச் சுவர் ஓட்டைக்கு அவுட்லெட் என்பார், நான் சொக்கெற் என்பேன், அம்மா பிளக்கு ஓட்டை என்பார். மூன்று பாஷையிலும் அது மூன்று ஓட்டைதான்.

பச்சை நிலத்துக்கு, அதாவது எர்த்துக்கு, அதில் சந்தேகமில்லை. கறுப்புக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று. வெள்ளை மிஞ்சியது. கனடாக்காரன் தாராள மனதோடு ஒரு கம்பி கூடத் தந்திருக்கிறான் என்று நினைத்து, வெள்ளையையும் சிவப்பையும் ஒன்றாக முறுக்கிப் பூட்டினேன். சரியாக மூன்று வந்தது. கணக்குச் சரிவந்தால் விடையும் சரி என்று வணிக முகாமைத்துவத்தில் சொல்லித் தந்திருந்தார்கள்.

அம்மா நாலு ஈரத் துவாய்களை உள்ளே போட்டார். அண்ணி கதவைச் சாத்தினார். அண்ணை சுவிச்சைப் போட்டார்.

ஓடியது. முப்பது விநாடி ஓடியது. ஆனால் ட்ரையர் ஓடுவதுபோல இல்லை, நாய் துரத்தினதுபோல இரைந்துகொண்டு ஓடியது. உள்ளே துவாய்கள் தொம் தொம்மென்று விழுந்தன. அம்மா திருப்தியோடு, "நல்ல பலமாத்தான் சுத்துது," என்றார். பிறகு ஒரு உறுமல், இறப்பர் எரிந்த மணம், பின்னாலிருந்து சாம்பல் நிறத்தில் புகை. பிளக்குக்குள் பியூஸ் பட்டென்று போனது. கூரையிலிருந்த புகைமணி கத்தத் தொடங்கியது. அண்ணை கதிரையில் ஏறி நின்று தும்புக்கட்டையால் அதை அடித்தார்.

"நெருப்புக்குச்சி எண்டால் இவ்வளவு புகை வந்திருக்காது," என்றார் இறங்கிக்கொண்டு.

புகை கலையுமுன்னர் அண்ணியின் போன் அடித்தது. பிலிப் மாமா.

அண்ணி குசினிக் கதவைச் சாத்திவிட்டு நடுஅறையில் நின்று கதைத்தார். மாமாவின் முகம் திரை முழுக்க இருந்தது. "என்ன பிள்ளை, மெசின் பூட்டியாச்சோ? ஓடுதோ?"

அண்ணி ஒரு கணம் எங்களைப் பார்த்தார். ஆறு வயதில் கனடா போனவர், பொய் சொல்ல நேர்ந்தால் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார் என்று அண்ணை பகிடி பண்ணுவதுண்டு. அன்று தமிழிலேயே சொன்னார்.

"ஓம் அப்பா. நல்லா ஓடுது."

மாமா சிரித்தார். கலியாணத்தன்றும் அந்த மனிதர் அப்படிச் சிரித்து நான் காணவில்லை. "அப்ப சரி. நத்தாருக்கு வாறன். ரிக்கெற் போட்டிட்டன். வந்து ஒருக்கா என்ரை கையாலை போட்டுப் பாக்கவேணும்."

போனை வைத்துவிட்டு அண்ணி கதிரையில் இருந்தார். நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, ஐந்து கிழமை இருந்தது.

"அவர் வந்து பாத்தால்," என்று தொடங்கி நிறுத்தினார். பிறகு, "அப்பாட்டை நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை, யூட்," என்றார். என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எவ்வளவோ நல்லாய் இருந்திருக்கும்.

5

அடுத்த நாள் வேலையிடத்தில் மற்றவர்களின் கூரைக்காக வருந்தி முடித்துவிட்டு, நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் முகவருக்கு எழுதினேன்: குசினிக்கு ஒரு புது வயரும் மெசினின் ஈரக்காற்றுப் போகச் சுவரில் ஒரு ஓட்டையும் போட அனுமதி வேண்டும். பதில் வந்தது. "உங்கள் வேண்டுகோள் எங்களுக்கு முக்கியமானது. பத்து வேலைநாட்களுக்குள் தொடர்புகொள்வோம்." அதே வசனத்தை நான் அன்று காலையில் ஒன்பது பேருக்கு அனுப்பியிருந்தேன். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

கூப்பிட்ட இரண்டு மின்வேலைக்காரரும் "கனடா" என்ற சொல்லோடு போனை வைத்துவிட்டார்கள். கடைசியில் எங்கள் தேவாலயப் பங்கில் ஒருவர் ஹரோவில் இருக்கும் குணசேகரனின் நம்பரைத் தந்தார். மலேசியாக்காரர், படிக்க வந்து இங்கேயே தங்கி மின்பொறியியலாளராக இருப்பவர். போனை அவருடைய மகள் எடுத்தாள். "டாட், சம் மாமா இஸ் ஆன் த போன்," என்று கத்தினாள். எனக்கு வயது இருபத்தாறு. சம் மாமா ஆகிவிட்டேன்.

சனிக்கிழமை வந்து மெசினைத் திறந்த குணசேகரன் ஐந்து நிமிஷம் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு அம்மா தந்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு விளக்கினார்.

"கனடாவுல வீட்டுக்கு ரெண்டு லைவ் வயர் வரும்மா. ஒண்ணு ஒண்ணும் நூத்திருபது. ரெண்டையும் சேத்துப் பிடிச்சா இருநூத்தி நாப்பது. இந்த மெசின்ல சூடு பண்றது ரெண்டையும் எடுத்துக்கும். மோட்டர் ஒண்ணைத்தான் எடுத்துக்கும், அதுக்குத்தான் அந்த வெள்ளை வயர். இங்க ஒரே லைவ்தான், முழுசா இருநூத்தி முப்பது. இப்ப யாரோ வெள்ளையையும் செவப்பையும் சேத்துக் கட்டி, நூத்திருபது குடிக்கிற மோட்டருக்கு இருநூத்தி முப்பதைக் குடுத்திருக்காங்க. அது செத்துப்போச்சு. யார் கட்டினது?"

அம்மா பெருமை குறையாமல் என்னைக் காட்டினார். "இவன்தான். படிச்சவன்."

குணசேகரன் என்னைப் பார்த்தார். "என்ன படிச்சீங்க தம்பி?"

சொன்னேன். அவர் தேத்தண்ணியை மேசையில் வைத்தார்.

"கடையில புது டிரையர் இருநூத்தம்பது பவுண்டுக்குக் கிடைக்கும். சாதாரண பிளக்கு. சொருகினா ஓடும். இதை விட்டுருங்க, நான் சொல்றேன்," என்றார்.

"ஏலாது," என்றார் அண்ணை. சீதனம் வேண்டாம் என்று நாலு மாதம் மேடை போட்டவர். "இதுதான் ஓடவேணும்."

அண்ணி கிட்ட வந்தார். அண்ணையின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

6

இதற்குப் பிறகு நடந்ததை ஒரு பொறியியல் சாதனை என்றே சொல்லவேண்டும். அடுப்புக்குப் போவதுபோன்ற தடித்த வயர் ஒன்று மீற்றரடியிலிருந்து குசினிக்குத் தனியாக வந்தது. மோட்டருக்கு மட்டும் 230-ஐ 120 ஆக்கிக் கொடுக்க, ஒரு பாண் அளவு ட்ரான்ஸ்போமர், பாரம் மட்டும் ஒரு பேக்கரி அளவு, சட்டி பானை அலுமாரிக்குள் குடியேறியது. புது மோட்டர் இங்கே கிடைக்காது. அண்ணி தன் சிநேகிதி ஒருத்தியைப் பிடித்து, தகப்பனுக்குச் சொல்லவேண்டாம் என்று சத்தியம் வாங்கி, ரொறன்ரோவிலிருந்து விமானத்தில் எடுப்பித்தார். உடம்பு கப்பலில், இருதயம் விமானத்தில். முகவர் பதினெட்டாவது வேலைநாளில் அனுமதி தந்தார், அனுமதிக் கடிதத்துக்கு ஒரு கட்டணமும் எடுத்துக்கொண்டார். கடிதம் எழுதுவதற்குக் காசு வாங்கலாம் என்று எங்கள் நிறுவனத்துக்கு இன்னும் தோன்றவில்லை, நான் போய்ச் சொல்லவும் இல்லை.

நத்தாருக்கு ஆறு நாள் இருக்கையில் குணசேகரன் சுவிச்சைப் போட்டார். மெசின் ஓடியது. துவாய் சூடாக வந்தது. அண்ணி அதை முகத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

"ஒண்ணு இருக்கு," என்றார் குணசேகரன், கையைக் கழுவிக்கொண்டு. "அங்கத்த கரண்ட் நொடிக்கு அறுபது தடவ துடிக்கும், இங்க அம்பது. அதை மாத்த முடியாது. மோட்டர் கொஞ்சம் மெதுவா சுத்தும். டைமரும் மெதுவா ஓடும். யாருக்கும் தெரியாது, கவலப்படாதீங்க."

7

பிலிப் மாமா வந்தார். குளிர்க்கோட்டைக் கழற்றவில்லை, அம்மா நீட்டிய தண்ணீரை வாங்கவில்லை. நேரே குசினிக்குப் போனார். மெசினின் தலையில் கையை வைத்தார். தன் பயணப்பையிலிருந்து ஒரு சட்டையை எடுத்து, குழாயில் நனைத்துப் பிழிந்து, உள்ளே போட்டார். திருகியை அறுபது நிமிஷத்தில் வைத்துச் சுவிச்சைப் போட்டார். பிறகு ஒரு கதிரையை இழுத்துப்போட்டு அதற்கு முன்னால் இருந்துவிட்டார், தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு.

நாங்கள் நாலு பேரும் நின்றோம். மாமா பயணக் கதை சொன்னார், விமானத்தில் தந்த சோற்றைப் பற்றிச் சொன்னார். தலை மட்டும் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது, சத்தத்தைக் கேட்டபடி. இருபத்திரண்டு வருஷம் அந்தச் சத்தத்துக்குள் நின்ற காது.

நாற்பது நிமிஷம் போனது. அம்மா வடை கொண்டுவந்தார். ஐம்பத்தைந்து. அண்ணை தேவையில்லாமல் லண்டன் காலநிலை பற்றி ஒரு பேச்சுத் தொடங்கினார். அறுபது. மெசின் நிற்கவில்லை. மாமா கடிகாரத்தைப் பார்த்தார். அறுபத்தைந்து. ஒருவரும் வடையைத் தொடவில்லை. எழுபது. எழுபத்திரண்டாவது நிமிஷத்தில் மணி அடித்து நின்றது.

"அங்கை அறுபது," என்றார் மாமா. "இஞ்சை எழுபத்திரண்டு. சுத்துறதும் களைச்சுப்போய்ச் சுத்துது."

அண்ணி அவருக்கு முன்னால் வந்து நின்றார்.

"அப்பா, நான் உங்களுக்குப் பொய் சொன்னனான். நீங்கள் அண்டைக்குக் கேக்கேக்கை இது ஓடேல்லை. எரிஞ்சு கிடந்தது. பக்கத்திலை புகை நிக்கேக்கைதான் உங்களோடை கதைச்சனான்."

மாமா சட்டையை வெளியில் எடுத்தார். மடியில் வைத்து மடித்தார், கழுத்துப்பட்டியை உள்ளே விட்டு, கையை முதுகுப் பக்கம் விட்டு, ஹோட்டல்காரர் மடிப்பதுபோல.

"ஆர் பூட்டினது?"

அம்மா என்னைக் காட்டுவதற்கு முன்னர் நானே சொன்னேன். "நான் மாமா. எனக்குத் தெரியாது. தெரியாதெண்டு சொல்லாமல் பூட்டினனான்."

"வெள்ளைக் கம்பியை எங்கை குடுத்தனீர்?"

"சிவப்போடை சேத்து."

மாமா சட்டையின் சுருக்கத்தை உள்ளங்கையால் நீவினார். "நானும் அங்கைதான் குடுத்திருப்பன்," என்றார். பிறகு அண்ணியைப் பார்த்துச் சொன்னார்: "வாங்கேக்கை கடைப் பொடியன் கேட்டவன் பிள்ளை, எங்கை கொண்டு போறியள் எண்டு. லண்டனுக்கு எண்டன். அங்கை சரிவருமோ தெரியாது, ஆரிட்டையும் கேட்டுப்போட்டு வாங்குங்கோ எண்டவன். இருபத்திரண்டு வருசமா இதுக்குள்ளை நிக்கிறன், எனக்கோ சொல்லித் தாறாய் எண்டு போட்டு, அங்கையும் இருநூத்தி நாப்பதுதானே எண்டு அவனுக்கு ஒரு பாடம் நடத்திப்போட்டு வந்தனான்."

ஒரு பட்டதாரியும் லோண்டரிக்காரரும் கடலின் இரு கரையிலும் நின்று, ஒருவரை ஒருவர் கேளாமல், ஒரே பிழையான விடைக்கு வந்திருந்தோம். என் படிப்புக்குச் செலவான காசை நினைத்துப் பார்த்தேன். பார்க்காமல் விட்டிருக்கலாம்.

"இதை ஓட வைக்க எவ்வளவு முடிஞ்சது?" என்று மாமா கேட்டார்.

"அதொண்டுமில்லை மாமா. பிளக்கு மாத்தினதுதான்," என்றார் அண்ணை.

"முன்கதவு கோணி நிக்குது. சுவரிலை ஓட்டை. அலுமாரிக்குள்ளை ஏதோ இரையுது. பிளக்கு மாத்தினதாம்." மாமா மடித்த சட்டையை மெசினின் மேல் வைத்தார். "தம்பி, சீதனம் வேண்டாமெண்டு சொன்னனீங்கள். நல்ல விசயம், நான் ஒண்டும் கதைக்கேல்லை. ஆனா இது சீதனமில்லை, பிழை. இந்தப் பிழையிலை பாதி என்ரை. அதையும் வேண்டாமெண்டு சொல்லாதேங்கோ."

அண்ணி தகப்பனின் கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் அமர்ந்து, கலியாணத்துக்குப் பிறகு முதல்தரமாக அவருடைய குளிர்க்கோட்டைக் கழற்றத் தொடங்கினார்.

"அவர் சொல்லுறது நியாயம்," என்றார் அம்மா. "யூட், நீ படிச்சனி. கூட்டிச் சொல்லு."

கூட்டுவதாவது எனக்கு உண்மையிலேயே தெரியும். போனை எடுத்துக் கூட்டினேன், பிழை வரக்கூடாதென்று இரண்டாம் தரமும் கூட்டினேன். ஆயிரத்து முப்பத்தெட்டுப் பவுண். ஒரு பக்கத்துக்கு ஐந்நூற்றுப் பத்தொன்பது.